போர்டு பார்த்து ஏறுகிறவர்கள்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாயனசாலை (வாசகசாலை) கூட்டத்தில் பேசியது. இழுவைகளை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆராய்ச்சி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் அண்ணன்மார் சிலர் தோப்புக்குத் தண்ணீர் விட்ட கையோடு வந்திருக்கிறீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வைக்கிற தலைப்புக்கும் அதற்கு விழுகிற மேற்கோளுக்கும் என்ன உறவு என்பதுதான் பேச்சு. இரண்டு வரிசைக்கும் புரிகிற மாதிரிப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். பார்க்கலாம்.

மேற்கோள் என்பது மொய் நோட்டு மாதிரி. ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதினால், யார் யாருடைய வேலையை எடுத்துக்கொண்டாரோ அவர்கள் பெயரைக் கடைசியில் எழுதியாக வேண்டும். ஒருவர் பெயர் எத்தனை நோட்டில் இருக்கிறது என்று எண்ணினால் அதுதான் மேற்கோள் எண்ணிக்கை. யூஜீன் கார்ஃபீல்ட் என்பவர் 1964-இல் அமெரிக்காவில் இதற்கென்று ஓர் அட்டவணையை வெளியிட்டார். கட்டுரை தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்தது அது. இன்றைக்கு வேலை, பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பொள்ளாச்சி ஸ்டாண்டில் பாலக்காடு பஸ்ஸுக்கு நின்றிருப்பீர்கள். கேரளா வண்டி வந்தால் போர்டு மலையாளத்தில் இருக்கும். என் அம்மாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, வண்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம் "கோபாலபுரம் வழியா?" என்று கேட்டுத்தான் ஏறுவார். கட்டுரைக்குத் தலைப்புதான் போர்டு. ஆயிரம் வண்டி போகிறது, போர்டு பார்த்துத்தான் ஏற வேண்டும். அப்படியானால் போர்டை நன்றாக எழுதினால் கூட்டம் ஏறுமா?

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் லெட்ச்ஃபோர்ட், மோட், ப்ரைஸ் என்று மூன்று பேர். 2007 முதல் 2013 வரை, ஆண்டுக்கு அதிக மேற்கோள் பெற்ற 20,000 கட்டுரைகள் வீதம் 1,40,000 தலைப்புகளை எடுத்தார்கள். 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். குட்டைத் தலைப்புக்கு மேற்கோள் கூடுதல். பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. ஆனால் அவர்களே ஒரு நிதானம் வைத்திருந்தார்கள். ஒரே ஜர்னலுக்குள், அதாவது ஒரே ஆராய்ச்சி இதழுக்குள், வைத்து ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் மெலிந்துபோகிறது. பெரிய ஜர்னல்கள் தலைப்பு நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கலாம். அங்கே வருகிற கட்டுரைக்கு எப்படியும் மேற்கோள் விழும். டவுன் கடைக்குச் சின்ன போர்டு போதும், வியாபாரம் நடப்பது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பதால். போதாததற்கு, மருத்துவ ஜர்னல்களை எடுத்து ஆராய்ந்த வேறொரு கூட்டம் நீளத் தலைப்புக்குத்தான் மேற்கோள் அதிகம் என்று 2010-லேயே சொல்லியிருந்தது.

கேள்விக்குறி போட்ட தலைப்புகள் இன்னொரு ரகம். 2011-இல் ஜமாலி, நிக்ஸாத் இருவரும் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளைப் பார்த்தார்கள். கேள்வியாக வைத்த தலைப்பை நிறையப் பேர் டவுன்லோடு செய்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று இறங்குகிற கதை.

வேடிக்கைத் தலைப்பு விஷயத்தில்தான் எனக்கு ருசி அதிகம். 2008-இல் உளவியல் ஜர்னல்கள் இரண்டை வைத்துச் சொன்னார்கள்: சிரிப்பு மூட்டுகிற தலைப்புக்கு மேற்கோள் குறைகிறது. விஞ்ஞானத்தில் விளையாட்டு கூடாது என்று எங்கள் தலைமுறை வாத்தியார்களுக்கு ஒரே சந்தோஷம். பிறகு 2023-இல் சூழலியல் பக்கத்திலிருந்து ஹெர்டும் கூட்டாளிகளும் 2,439 தலைப்புகளை எடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய முடிவேதான். ஆனால் அவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். எழுதியவரே தன் அடுத்த கட்டுரைகளில் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார் என்று எண்ணினார்கள். தன் வேலைகளில் எதை அவர் பெரிதாக நினைக்கிறார் என்பதற்கு அது ஓர் அடையாளம். சின்ன வேலைக்குத்தான் ஆட்கள் ஜோக் அடிக்கிறார்கள், பெரிய வேலைக்கு விறைப்பாக நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கதை திரும்பிவிட்டது: வேடிக்கைத் தலைப்பு மேற்கோளைக் கூட்டுகிறது. 2008-இல் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன், ஒப்புக்கொள்கிறேன்.

இனி எங்கள் லேபுக்கு வாருங்கள். டெஸ்ட் ட்யூபில் முட்டை வெள்ளைக் கரைசல் கொஞ்சம், செம்பு கலந்த காரக் கரைசல், பத்து நிமிடம் காத்திருப்பு, பிறகு மஞ்சள் நிறத்தில் ஃபோலின் கரைசல் அரை மில்லி. ஊற்றியவுடன் குலுக்க வேண்டும். நீலம் மெல்ல ஏறும். எவ்வளவு நீலமோ அவ்வளவு புரதம். இதுதான் லவ்ரி முறை. 1951-இல் வந்த அந்தக் கட்டுரைக்கு 2014 கணக்குப்படி மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள், உலகத்திலேயே அதிகம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஃபோலின் ஃபீனால் வினைப்பொருள் கொண்டு புரதம் அளத்தல்'. சமையல் குறிப்புக்குக்கூட இதைவிடக் கவர்ச்சியான தலைப்பு வைப்பார்கள். என்னிடம் படித்தவர்களில் அதை முழுதாக வாசித்தவர் ஒருவரும் இல்லை. பயன்படுத்தினார்கள், பெயரைப் போட்டார்கள்.

1928-இல் ராமனும் கிருஷ்ணனும் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பின் தலைப்பு, 'இரண்டாம் நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதிய வகை'. குட்டையானதுதான். இன்றைக்கு, ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அறிகிற ராமன் கருவியை வைத்து வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்தக் குறிப்பை மேற்கோள் காட்டுவதே இல்லை. ராமன் என்ற பெயரே முறைக்கும் கருவிக்கும் பெயராகிவிட்டது. சுக்குக் காப்பிக்கு யாரும் மேற்கோள் போடுவதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2012-இல் பிரேசில் ஆய்வாளர்கள் 423 கட்டுரைகளைப் பார்த்ததில், தலைப்பில் ஊர், நாடு பெயர் இருந்தால் மேற்கோள் குறைவு என்று கண்டார்கள். உளவியலில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்க மாணவர்களை வைத்து ஆய்வு செய்தால் 'மனித நினைவாற்றல்' என்றே தலைப்பு வைத்துவிடலாம். வேறு நாட்டு ஆட்களை வைத்துச் செய்தால் அந்த நாட்டின் பெயரைத் தலைப்பில் போடுகிற வழக்கம் அதிகம். அங்கே இருப்பவன் மனிதன், இங்கே இருப்பவன் பாலக்காட்டுக்காரன். எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

என் முதல் கட்டுரை, நம் கிழக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றியது. 'பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா' என்று ஆரம்பித்து, முக்காற்புள்ளி எல்லாம் வைத்து, இருபத்திரண்டு சொல் தலைப்பு. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் நல்லது என்று ஒரு ஜர்னலில் சொன்னார்கள். எடுத்துவிட்டால் யார் வீட்டுக் கிணறு என்று எப்படித் தெரியும்? நான் எடுக்கவில்லை, அவர்கள் போடவில்லை. வேறொரு சின்ன ஜர்னலில் வந்தது.

இதுவரை அதற்கு மூன்று மேற்கோள். இரண்டு நான் போட்டது. மூன்றாவதைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன், சந்தோஷமாகத் திறந்தேன். 'ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துக் கிணறுகளில் ஏற்கெனவே கண்டறியப்பட்டபடி' என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதவில்லை. எண்ணிக்கை மூன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. மாணவர்கள் தலைப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தால் கொடுங்கள், குடித்துக்கொண்டே பார்க்கலாம்.