அந்த எண் முதலில் யாருக்குப் போகிறது?

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கு நாடே சொந்தமாக நடத்தும் கண்காணிப்பு, மதிப்பீட்டு முறை. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. ஆகவே, ஒரு தடுப்பூசி நாளின் சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

கடைசிக் குழந்தையும் கிளம்பிவிட்டது. செவிலியர் இப்போதுதான் உட்காருகிறார். முன்னால் ஒரு தாள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கோடு, நாலு கோட்டின் மேல் ஐந்தாவது குறுக்காக. அதை எண்ணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தையின் தாய்க்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடந்திருந்தால் அதற்கு வேறு பதிவேடு. மலேரியாவுக்கு இன்னொன்று. கொசுவலைக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அவர்கள் அச்சடித்த படிவம். வயதுக் கணக்குகூட ஒத்துப்போகாது. ஒன்று ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்கும். இன்னொன்று 0 முதல் 11 மாதம் வரை மட்டும் கேட்கும். மாதக் கடைசியில் எல்லாம் மேலே போய்விடும். போன எண்களில் ஒன்றாவது அவரிடம் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது.

ஒரு முறை சொந்தமா இரவலா என்று பார்க்க நான் இதைத்தான் கேட்பேன். எழுதியவருக்கு அந்த எண்ணால் அடுத்த வாரம் ஏதாவது உபயோகம் உண்டா, அல்லது அது யாரோ ஒருவருடைய ஆண்டறிக்கைக்குத் தீனியா?

இந்தச் சிக்கல் யாருக்கும் தெரியாமல் இல்லை. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியம், 2003-ல் அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் என்று எய்ட்ஸ் ஒழிப்புக்குப் பெரும் பணம் வந்தது. கூடவே படிவங்களும் வந்தன. 2004-ல் நிதி தருபவர்களும் நாடுகளும் கூடி ‘மூன்று ஒன்றுகள்’ என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரே செயல்திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை. இதில் மூன்றாவதுதான் இழுபறி. பணம் தருபவர் தன் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போட மனம் வராது. அவர்கள் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

டிஹெச்ஐஎஸ்-2 என்ற மென்பொருளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் கூட்டோடு தொடங்கிய முயற்சி அது. இன்று பல ஏழை நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள் அதில்தான் மாத அறிக்கைகளைத் தொகுக்கின்றன. பெப்ஃபார் தன் கணக்குக்காக வைத்துக்கொண்ட டேடிம் அமைப்பையும் அதே மென்பொருளில்தான் கட்டினார்கள். மென்பொருள் ஒன்று, கணக்குப் புத்தகம் இரண்டு!

இரவல் புத்தகத்தின் விலை 2025-ல் தெரிந்தது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. அடுத்த மாதமே, 1984-லிருந்து 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமும் நின்றது. வீடு வீடாகப் போனவர்கள் அந்தந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகத்தினர்தான். ஆனால் வினாத்தாளின் அடிப்படை வடிவம், தொழில்நுட்ப உதவி, செலவில் பெரும்பங்கு எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்று அறிய அந்த ஆய்வையே நம்பியிருந்த நாடுகள் உண்டு. அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சரி, நாடே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ‘கவி’ தடுப்பூசிக் கூட்டணி, கூடுதலாகத் தடுப்பூசி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்று நாடுகளுக்குக் கொடுத்தது. 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அந்தக் கணக்கைச் சரிபார்த்தது. அரசுகளின் அறிக்கைப்படி கூடுதல் குழந்தைகள் 1 கோடியே 39 லட்சம். வீட்டுக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தால் 74 லட்சம்தான். எல்லாமே பொய்க் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மொத்தக் குழந்தைகள் எத்தனை என்ற எண் பழைய மக்கள்தொகைக் கணிப்பாக இருந்தால், நேர்மையாக எழுதினாலும் நூறு குழந்தைகளில் நூற்றுப்பத்துப் பேருக்கு ஊசி போட்டதாக வந்துவிடும். ஆனால் எண்ணுக்குப் பணம் என்று ஆனபின் எண் கொஞ்சம் உப்பும். மனித சுபாவம் அது. ஆகவே, சொந்த முறை வேண்டும் என்பவர்கள் தன்னையே சோதிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

போலியோ கண்காணிப்பில் எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். திடீரென்று கை கால் தளர்ந்துபோவதற்குப் போலியோ தவிர வேறு காரணங்களும் உண்டு. போலியோவே இல்லாத ஊரிலும் 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்காவது அது வரும். அந்த ஒன்றைக்கூட ஒரு மாவட்டம் கண்டுபிடிக்கவில்லை என்றால், ‘நோய் இல்லை’ என்று அதைப் பாராட்ட மாட்டார்கள். ‘நீங்கள் தேடவில்லை’ என்பார்கள். பூஜ்யம் வந்தால் விசாரணை.

இதற்கெல்லாம் வேண்டிய செலவு பளபளப்பானது இல்லை. மாவட்டத்தில் கணக்குப் பார்க்க ஒரு நிரந்தர ஆள், அச்சடித்த பதிவேடுகள், சர்வர் வாடகை, மேற்பார்வையாளரின் வண்டிக்கு எரிபொருள். ரிப்பன் வெட்டித் திறக்க இதில் எதுவும் தோதுப்படாது. ஆகவே வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் கத்தரி விழுவது இங்கேதான். வெளியார் பணத்தில் முதலில் கணினி வாங்கட்டும், தவறில்லை. அந்த ஆளின் சம்பளம் மட்டும் நாட்டின் சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும்.

அப்புறம் அந்த மேற்பார்வையாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பதிவேட்டைப் பிரித்து, ஒரு மாதக் கோடுகளைத் திரும்ப எண்ணட்டும். பதிவேட்டில் 43, அறிக்கையில் 61 என்றால் திட்ட வேண்டாம். எங்கே தவறியது என்று இருவரும் தேடட்டும். பிறகு, முதல் ஊசிக்கு வந்து மூன்றாவது ஊசிக்கு வராத குழந்தைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் செவிலியர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். மறுநாள் காலை அவர் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் ஜாடை காட்டுகிறார். கேள்விகளுக்குப் போகலாம்.