ஆப்பிரிக்க அநாதை இல்லத்தில் இரண்டு வாரம்: குழந்தைக்குக் கிடைப்பது என்ன?

[திரையில்: கானா, கென்யா, ருவாண்டா ஆகிய நாடுகள் குறிக்கப்பட்ட ஆப்பிரிக்க வரைபடம்]

வணக்கம். ஆப்பிரிக்காவில் ஓர் அநாதை இல்லத்துக்குப் போய் இரண்டு வாரம் குழந்தைகளோடு இருந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை பல இளைஞர்களுக்கு உண்டு. அந்த ஆசை நல்ல மனத்திலிருந்து வருவது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பயணத்தில் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்ல எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. நாம் இன்று குழந்தையின் பக்கம் நின்று பார்ப்போம்.

முதலில், இல்லத்தில் இருக்கும் அந்தக் குழந்தைக்குத் தாய் தந்தை உண்டா, இல்லையா?

[திரையில்: கானா, 2009]

கானாவின் சமூக நலத் துறை 2009இல் எடுத்த கணக்கு இது. நாட்டின் இல்லங்களில் இருந்தவர்கள் சுமார் 4,500 குழந்தைகள். அவர்களில் 90 சதவீதம் வரை அநாதைகளே அல்லர். மொத்தம் 148 இல்லங்களில் 140 இல்லங்களுக்கு உரிமமும் இல்லை.

பெற்றோர் இருந்தும் பிள்ளை ஏன் அங்கே இருக்கிறது? பெரும்பாலும் வறுமைதான் காரணம். கென்யாவில் 2003 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை வாங்க வேண்டும், நோட்டு வாங்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "இல்லத்தில் விட்டால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்" என்று சொன்னால், பெற்ற தாய் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

குறை சொல்ல வேண்டியது பணம் ஓடும் பாதையை. தன்னார்வலர் கட்டும் கட்டணமும் அவர் ஊருக்குத் திரும்பித் திரட்டி அனுப்பும் நன்கொடையும் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குத்தான் போகின்றன. ஆகவே இல்லம் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்காகவே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் இல்லங்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கடத்தலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

[காட்சி: இல்லத்தின் வாசல், வேனிலிருந்து இறங்கும் இளைஞர்கள். குழந்தைகளின் முகம் காட்ட வேண்டாம்.]

இனி, திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு காட்சி. "நான் போய் இறங்கியதுமே பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், மடியை விட்டு இறங்கவே இல்லை."

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் வந்தால் அது அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் ஆரோக்கியமான குழந்தை. கண்டவர் மடியிலெல்லாம் ஏறும் பிள்ளை, தனக்கென்று ஒருவர் நிலையாக இல்லாததால் அப்படிச் செய்கிறது. இந்த வாரம் ஒருவர் வருகிறார். பாட்டுச் சொல்லித் தருகிறார். மனம் ஒட்டும்போது போய்விடுகிறார். அடுத்த வாரம் வேறொருவர். தென்னாப்பிரிக்காவின் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது இதைத்தான்: ஏற்கெனவே பிரிவைக் கண்ட சிறு குழந்தைக்கு, மறுபடி மறுபடி பிரிவைக் கொடுக்கிறோம்.

இல்ல வாழ்க்கை குழந்தையின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை 2000ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் கவனித்துவந்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அறிவு வளர்ச்சியிலும் பாச உறவிலும் அவர்களே முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். இல்லம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடும்பத்தின் இடத்தை நிரப்ப முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கென்யாவில் ஓர் இல்லத்தில் தன்னார்வலராகத் தங்கியிருந்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு, அங்கிருந்த குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காக 2016இல் அமெரிக்க நீதிமன்றம் 40 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வருகிறவர் யார் என்று பார்க்காமல் கதவைத் திறந்து வைக்கும் இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

கென்ய அரசும் விழித்துக்கொண்டது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை 2017இல் நிறுத்தியது. குழந்தைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டத்தை 2022இல் அறிவித்தது.

[திரையில்: ருவாண்டாவின் மலைச் சரிவுகள், கிராமப் பாதை]

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது ருவாண்டா. 1994 இனப்படுகொலையில் எண்ணற்ற பிள்ளைகள் பெற்றோரை இழந்த நாடு அது. இல்லங்களைக் கட்டிக்கொண்டே போக அந்த நாட்டைவிட வேறு யாருக்குக் காரணம் இருக்க முடியும்? ஆனாலும் 2012இல் அரசு வேறு முடிவெடுத்தது: பிள்ளைகள் குடும்பங்களில் வளரட்டும். அப்போது 30க்கும் மேற்பட்ட இல்லங்களில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். சமூகப் பணியாளர்கள் ஒவ்வொரு பிள்ளையின் உறவுகளையும் தேடிப் போனார்கள். அம்மா, பாட்டி, மாமா, யார் இருக்கிறார்கள்? அவர்களால் வளர்க்க முடியுமா? என்ன குறைகிறது? உறவு கிடைக்காத பிள்ளைகளுக்கு, 'மலாயிகா முலின்சி' என்று அங்கே அழைக்கப்படும் வளர்ப்புப் பெற்றோர் முன்வந்தார்கள்.

இதற்குத் துணை நிற்பவர்களும் தன்னார்வலர்களே. கிராமத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று ஊராரே தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுவதும் கிட்டத்தட்ட 30,000 பேர். அக்கம்பக்கத்து வீட்டில் பிள்ளை அடிபடுகிறதா, பள்ளியை விட்டு நின்றுவிட்டதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். அதே மொழி, அதே ஊர். அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்கள். மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயத்தில் பணி மெதுவாகத்தான் நகர்ந்தது. அவர்களுக்கான ஏற்பாடுகள் பின்னால்தான் வந்தன.

அப்படியானால் வெளியிலிருக்கும் நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை வீட்டை விட்டுப் போகாமல் தடுக்கும் செலவுகளுக்குக் கொடுங்கள். மேற்குக் கென்யாவில் பள்ளிகளில் இலவசச் சீருடை கொடுத்துப் பார்த்த ஆய்வில், படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் குறைந்தார்கள்; சிறுமிகள் இளவயதில் தாயாவதும் குறைந்தது. வெறும் சீருடை! பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்குக் கென்ய அரசு 2004 முதல் நேரடியாகப் பணம் கொடுத்துவருகிறது. அந்த வழியில் செயல்படும் உள்ளூர் அமைப்புகளைத் தேடுங்கள்.

நேரில் போக வேண்டுமென்றால், கைவசம் தொழில் இருக்க வேண்டும். நீங்கள் பிசியோதெரபிஸ்ட் என்றால் அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் காவல்துறைச் சான்று கேட்காத இடத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஓர் இல்லத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அங்கே இன்று இரவும் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள், சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், உறவினர்களைத் தேடிப் போகச் சமூகப் பணியாளர் இருக்கிறாரா? இல்லை என்று பதில் வந்தால், நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பணியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.