அலறும் வேரும் ஒரு நாயும்

அவையோருக்கு வணக்கம்.

கையில் முள்ளங்கியோடு மேடையேறியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். காலையில் உழவர் சந்தையில் கிடைத்தது. இடுப்புக்குக் கீழே இரண்டு காலாகப் பிரிந்திருக்கிறது, பாருங்கள். மண்ணுக்குள் நுனியில் கல் தட்டியிருக்கும், வேர் கவட்டையாகிவிட்டது. இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று அந்த அம்மா சும்மாவே கொடுத்துவிட்டார்.

மாயக்கதைத் தோட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒளிவிடும் பூ, பேசும் மரம், ஆளை விழுங்கும் கொடி என்று அடுக்கலாம். நான் ஒரே செடியோடு நின்றுகொள்கிறேன். பிடுங்கினால் அலறும், அலறலைக் கேட்டவர் செத்துப்போவார் என்பார்களே, அந்த மாண்ட்ரேக்.

செடி நிஜம். மத்தியதரைக் கடலோர நாடுகளில் தரையோடு ஒட்டி இலை விரிக்கும். நம் கத்தரிக்கும் ஊமத்தைக்கும் ஒரே குடும்பம். விவிலியத்தில் ராகேல் தன் அக்கா லேயாளிடம் கேட்டு வாங்கும் தூதாயீம் கனி இதுதான் என்பார்கள். வேர் பல சமயம் கவட்டையாக, ஆள் படுத்திருப்பதுபோல் இருக்கும். அதில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டு. அறுவைக்கு முன் வலி தெரியாதிருக்க இதை மதுவில் கொடுப்பதைப் பற்றி கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் எழுதினார். அளவு மிஞ்சினால் பிதற்றல், பிறகு சாவு.

சரி, அலறல் எங்கிருந்து வந்தது? எனக்கு வேர் தோண்டி விற்றவர்கள் மேல்தான் சந்தேகம். பழைய கிரேக்கத்தில் அது ஒரு தொழில். அவர்கள் சொன்ன விதிகளை, செடிகளைப் பற்றி எழுதிய கிரேக்க அறிஞர் தியோப்ராஸ்டஸ் அப்போதே குறித்து வைத்திருக்கிறார்: செடியைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் போடு, மேற்கே பார்த்து வெட்டு. வெட்டும்போது சுற்றி ஆடிக்கொண்டே காமத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேச வேண்டுமாம்! அவருக்கே இது அளவுக்கு மீறியதாகப் பட்டிருக்கிறது. நம்மூரிலும் மூலிகைக்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லித்தானே பறித்தார்கள்? நம் ஆட்களிடம் பயபக்தி இருந்தது. வேரை விற்றுப் பிழைப்பவனுக்கோ பயமே வேலி. கண்டவன் தோண்ட மாட்டான், விலையும் இறங்காது.

போலியும் வந்தது. கோவைக்காய்க்கு உறவான பிரையோனிக் கொடியின் வேரை மனித உருவாகச் செதுக்கி, தலையில் சிறு விதைகளைச் செருகி மண்ணில் புதைப்பார்கள். முளை விட்டதும் தலைமுடி! மூலிகை நூல் எழுதிய இங்கிலாந்தின் வில்லியம் டர்னர் 16ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பித்தலாட்டம் என்று எழுதிவிட்டார். வாங்குவது நின்றபாடில்லை.

மாயக்கதை எழுதும் தம்பி தங்கைகள் செடிக்கு ஒளி கொடுப்பதற்கு முன், அதை யார் தோண்டுகிறார், யார் விற்கிறார் என்று யோசியுங்கள். யார் சாகிறார் என்றும்.

ஏனென்றால் அலறலிலிருந்து தப்ப ஒரு வழி சொன்னார்கள்: வேரில் பசித்த நாயைக் கட்டிவிட்டு, எட்ட நின்று கூப்பிடு. ஓடிவரும் நாய் வேரைப் பிடுங்கும், நாயே சாகும். டயஸ்கோரிடிஸ் நூலை ஏறக்குறைய கி.பி. 512இல் படியெடுத்த சுவடி ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதன் ஓவியத்தில் ஒரு பெண் வேரை டயஸ்கோரிடிஸிடம் நீட்டுகிறாள். கீழே, கயிற்றோடு, நாய் செத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நாய்க்கு ஒரு பெயர் வைத்து, அங்கிருந்து கதையைத் தொடங்குங்களேன்.