கோ-லைவ் முடிந்தது, பிரின்டர்தான் படுத்தி எடுத்துவிட்டது!

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். போன வீடியோவில் ஒரு மருத்துவமனை கோ-லைவுக்கு, அதாவது அங்கே புது சாஃப்ட்வேரை நிஜமாக ஓட்டத் தொடங்கும் நாளுக்கு, போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அது முடிந்துவிட்டது. ஹெல்த்கேர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை எப்படி இருக்கும், சேரலாமா என்று கமென்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் பிரின்டர் கதை. அதைக் கொட்டாமல் எனக்கு வேறு பேச்சே வராது.

பழைய சிஸ்டத்தை நடுராத்திரிக்கு மேல்தான் நிறுத்துவோம், வார்டில் நடமாட்டம் குறைவாக இருக்கும் என்பதால். புதியது எழுந்து வரும்வரை நர்ஸ்கள் காகிதத்தில் எழுதுவார்கள், அப்புறம் அதையெல்லாம் உள்ளே ஏற்ற வேண்டும். சர்வர், டேட்டா மாற்றம் என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்த எதுவுமே மக்கர் பண்ணவில்லை. மக்கர் பண்ணியது நோயாளியின் கையில் கட்டும் பட்டை!

மருந்து கொடுக்கும் முன் நர்ஸ் அந்தப் பட்டையை ஸ்கேன் செய்வார், பிறகு மருந்தை. ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம், இந்த ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் சிஸ்டம் எச்சரிக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் பீப் பீப் என்று அழகாக ஓடியது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஸ்கேனர் வாயே திறக்கவில்லை. காரணம் கேட்டால் எரிச்சல் வரும். நீளமான கோட்டு பார்கோடை அந்தச் சின்ன மணிக்கட்டில் சுற்றினால் ஓரக் கோடுகள் வளைந்து மறுபக்கம் போய்விடும், ஸ்கேனருக்குப் பாதிதான் தெரியும். ஆபீஸில் பட்டையை மேஜைமேல் தட்டையாக விரித்து வைத்து டெஸ்ட் செய்து பாஸ் போட்டிருக்கிறார்கள். மேஜைக்கு ஏது மணிக்கட்டு?

சரி, க்யூஆர் மாதிரியான சின்னச் சதுர பார்கோடுக்கு மாற்றினோம். ஒரே பார்கோடைப் பட்டை நெடுகத் திரும்பத் திரும்ப அடித்தால், தூங்குகிற குழந்தையைப் புரட்டாமலே ஸ்கேன் செய்யலாம். மாற்றினால் அச்சு பெருத்து ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது. பிரின்டர் ஆள் நெட்வொர்க்கைச் சொல்கிறார், நெட்வொர்க் ஆள் எங்களைச் சொல்கிறார். கடைசியில் பிரின்டரைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தது நான்தான், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் டெம்ப்ளேட் 300 டிபிஐக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், போட்டது. அந்த வார்டில் மட்டும் 203 டிபிஐ பிரின்டர். புள்ளிக் கணக்கில் அனுப்புவதால் எல்லாமே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக விழுந்திருக்கிறது. டெம்ப்ளேட்டைத் திருத்தியதும் பீப்! அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் கைதட்டினார். சம்பள உயர்வு லெட்டர் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். நாங்கள் பளிச்சென்ற மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வார்டில் நிற்போம். யாருக்குச் சிக்கல் வந்தாலும் தூரத்திலிருந்தே கூப்பிட வேண்டும் அல்லவா? திட்டுவதற்கும் அதே வசதி.

இப்போது உங்கள் கேள்வி. சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொன்ன கதை தெராக்-25. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின். 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தே போனார்கள். சாஃப்ட்வேரில் இருந்த பிழைகளில் ஒன்று, பழகிய ஆபரேட்டர் வேகமாகத் தட்டித் திருத்தினால் மட்டும் வெளியே வரும். முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நிதானமாக டைப் செய்கிறவருக்கு அந்தப் பிழை கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால்தான் வார்டுக்குப் போகாத டெஸ்டரை நான் நம்புவதே இல்லை.

புத்தம்புதுத் தொழில்நுட்பம் கைக்கு வரும் என்று நினைத்து வராதீர்கள். மருத்துவமனை சிஸ்டங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள ஃபயர் (FHIR) என்ற புதிய தரநிலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தினமும் மல்லுக்கட்டுவது அதே வேலைக்கான பழைய தரநிலை, ஹெச்எல்7 இரண்டாம் வெர்ஷனோடுதான். அதை உருவாக்கிய ஹெச்எல்7 அமைப்பு தொடங்கியதே 1987-இல். ஒரு நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் செங்குத்துக் கோடுகளால் பிரித்து ஒரே வரியில் வரும். ஒரு கோடு குறைந்தால் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஆணா பெண்ணா என்பது வந்து உட்காரும். அடுத்த சிஸ்டம் அதை ஏற்காது, காலையில் உங்கள் போன் அடிக்கும்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அலர்ட். ஒவ்வொரு கமிட்டியும் தன் பங்குக்கு ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துவிடும், எடுக்க மட்டும் யாருக்கும் தைரியம் வராது. டாக்டர்கள் படிக்காமலே மூடிவிடுவார்கள். படித்தே தீர வேண்டிய அலர்ட்டும் அதோடு போய்விடும். டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், நாள் முழுக்க அந்தத் திரையோடு நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம், பிரபலங்களின் ரிப்போர்ட் பார்ப்பாயா என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்தப் பதிவை யார் எப்போது திறந்தார் என்பதெல்லாம் லாகில் விழும். வேடிக்கை பார்க்கத் திறந்தால் வேலை போகும்.

சேரலாமா என்றால், ராத்திரி கூப்பிட்டால் எரிச்சல்படாமல் எழுந்திருப்பீர்கள், திட்டு வாங்கிக்கொண்டே பிரின்டரைப் புரட்டிப் பார்ப்பீர்கள் என்றால் சேருங்கள். கோட் மட்டும் எழுதுவேன், யாரையும் பார்க்க மாட்டேன் என்றால் வேறு துறைக்கே போங்கள். ரிலீஸுக்கு இங்கே ஒப்புதல் மேல் ஒப்புதல் வாங்க வேண்டும், அந்தப் பொறுமையும் வேண்டும்.

ஃபேக்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு, ஆமாம், இன்னமும் ஃபேக்ஸ் அனுப்புகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. இப்போது அதை ஆரம்பித்தால் இருக்கிற குரலும் போய்விடும், அடுத்த வீடியோவில் வைத்துக்கொள்கிறேன்.