மைனா கூட்டத்த ஏவி விட்டு மூளை ஸ்கேன் படத்த பகுதி பகுதியா பிரிக்க முடியுமா?

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்லேர்ந்து பேசறேன், பின்னாடி கீச்கீச்னு கேட்டா அது எங்க மாமரத்து மைனாங்க. நம்ம பாட்டன் பூட்டன் மாதிரியே இந்தியாவுலேர்ந்து இங்க வந்து ஊன்றிக்கிட்ட பறவை, அதுக்கும் இன்னிக்கி ஒரு வேலை இருக்கு: தலை ஸ்கேன்ல ரத்தக் கசிவு எங்கன்னு கம்ப்யூட்டர் எப்படி பிரிச்சுப் பாக்குதுன்னு சொல்ல.

[திரையில்: தலை சிடி, ஒரு ஸ்லைஸ்]

சிடி ஸ்கேன்னா எக்ஸ்-ரே வெச்சு உடம்ப துண்டு துண்டா படம் எடுக்கறது. அதுக்கு அடிப்படைக் கணக்கு போட்டவர்ல ஒருத்தர் நம்ம ஜோஹன்னஸ்பர்க்ல பிறந்த ஆலன் கார்மாக், 1979ல அந்த மெஷின செஞ்ச ஹவுன்ஸ்ஃபீல்டோட சேர்ந்து நோபல் வாங்கினாரு. அதே வருஷம் ஜப்பான்ல ஓட்சுன்னு ஒருத்தர் ஒரு சின்ன பேப்பர் எழுதினாரு. படத்துல 0லேர்ந்து 255 வரைக்கும் சாம்பல் அளவு இருக்கா, எந்த நம்பர்ல வெட்டினா ரெண்டு கூட்டமா நல்லா பிரியும்? ஒவ்வொரு நம்பரா வெட்டிப் பாரு, ரெண்டு பக்கத்து சராசரியும் எவ்ளோ தள்ளிப் போகுது, எந்தப் பக்கம் எத்தனை பிக்சல், ரெண்டையும் சேத்து மார்க் போடு, அதிக மார்க் வாங்கின வெட்டு ஜெயிச்சுது. அவ்ளோதான்.

ஆனா தலைக்குள்ள ரெண்டு சாமானா இருக்கு? காத்து, நீர், மூளை, ரத்தம், எலும்பு. அஞ்சா பிரிக்க நாலு வெட்டு வேணும், அப்போ பாக்க வேண்டிய சேர்க்கை 17 கோடிய தாண்டிருது.

[திரையில்: மைனா கூட்டம்]

இங்கதான் 1995ல கென்னடியும் எபர்ஹார்ட்டும் கொண்டு வந்த பார்ட்டிகிள் ஸ்வார்ம், அதாவது பறவைக் கூட்டம் மாதிரி விடை தேடற முறை, கை கொடுக்குது. ஒவ்வொரு மைனாவும் நாலு வெட்டு நம்பர், பறக்கும்போது தான் பாத்ததுல நல்ல இடம் எது, கூட்டத்துல யாரோ பாத்ததுல நல்ல இடம் எது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழுபட்டு கொஞ்சம் குருட்டாம்போக்கா நகரும். 30 மைனா 100 சுத்து, மொத்தம் 3000 தடவை மார்க் போட்டா வேலை முடிஞ்சுது, ஆனா அதுதான் உச்சம்னு கேரண்டி கிடையாது.

அப்புறம் இதே மாதிரி மிருகம் பேர்ல தேடற முறைங்க, வௌவால் வந்துச்சு, 2014ல ஓநாய், 2016ல திமிங்கலம்... எனக்கு சிரிப்புதான் வருது, ஏன்னா மிருகம் மாறுதே ஒழிய மார்க் போடற பார்முலா மாறல. சொல்லப்போனா ஓட்சு மார்க்குக்கு டைனமிக் ப்ரோகிராமிங் (சின்னச் சின்ன கணக்கோட விடைய சேத்து வெச்சு பெரிய கணக்க முடிக்கறது) போட்டாலே துல்லியமான விடை கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும், காட்டயே கூப்பிட வேணாம்.

உண்மையான சிக்கல் வேற. சிடில எக்ஸ்-ரேய எது எவ்ளோ தடுக்குதுன்னு யூனிட் கணக்குல சொல்ல சுமார் 4096 அளவு, அத 256ல அமுக்கினா ஒரு படிக்கு 16 யூனிட். மூளை 35 யூனிட் பக்கம், புதுசா கசிஞ்ச ரத்தம் 65 பக்கம்னு வெச்சுக்கோங்க, நடுவுல ரெண்டே படி! அதனால முதல்ல படத்துலேர்ந்து மண்டையோட்ட எடுத்துட்டு 0லேர்ந்து 80 யூனிட் வரைக்கும் மட்டும் விண்டோ வெக்கணும், அதாவது அந்த அளவ மட்டும் 256 படியா விரிக்கணும், அத செய்யாம எந்தப் பறவைய விட்டாலும் அது எலும்புலதான் போய் உக்காரும். அப்பவும் ரத்தக் கசிவு சின்னதா இருந்தா ஓட்சு மார்க் அத பெரிய கூட்டத்தோட சேத்து முழுங்கிரும், மைனா ஒழுங்கா உச்சிக்கு ஏறும், ஏறினது தப்பான மலை.

[திரையில்: டாக்டர் வரைஞ்ச கோடு, கம்ப்யூட்டர் கோடு]

ரிசல்ட்ட செக் பண்ணும்போதும் இதே கதைதான். ரத்தம் படத்துல 1 சதவீதம்னா, ரத்தமே இல்லன்னு சொல்ற ப்ரோகிராம் கூட 99 சதவீதம் சரின்னு பீத்திக்கும், ரெண்டு கோடும் எவ்ளோ ஒன்னு மேல ஒன்னு விழுதுன்னு பாக்கற டைஸ் ஸ்கோர்ல அதுக்கு கெடைக்கறது 0.