குளிரில் பழைய கார் ஸ்டார்ட் எடுக்கலையா? முதல்ல செல்ஃப் சத்தத்தைக் கேளுங்க

[திரையில்: பனி படிஞ்ச முன்கண்ணாடி. சாவி திரும்புது.]

காலையில வண்டி ஸ்டார்ட் எடுக்கலைன்னதும் புது பேட்டரி வாங்க ஓடாதீங்க. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எப்படிச் சுத்துதுன்னு கவனிங்க. இழுத்து இழுத்துச் சுத்தினா ஒண்ணு கோளாறு கரண்ட் பக்கம், அல்லது ஆயில் கெட்டியாயிருக்கு. நல்ல வேகத்துல சுத்தியும் எடுக்கலைன்னா பெட்ரோல் அல்லது ஸ்பார்க்.

முதல் வகையைப் பார்ப்போம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்ல நல்ல பேட்டரியே ஏறக்குறைய பாதித் திறன்தான் தரும். இன்ஜினோ, ஆயில் கெட்டியானதால வழக்கத்தைவிட அதிக சக்தி கேட்கும்.

[திரையில்: மல்டிமீட்டர், பேட்டரி]

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.2ன்னா பாதிதான், சார்ஜர்ல போடுங்க. சார்ஜ் இறங்கின பேட்டரி கடுங்குளிர்ல உறைஞ்சும் போகும். உறைஞ்சதை சார்ஜ் பண்ணவே கூடாது.

பேட்டரி நல்லா இருந்தும் மெதுவா சுத்துதா? அப்போ பலரும் விட்டுடுற சோதனை இது. கியரை நியூட்ரல்ல வெச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க, இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தர்ற சுருள்) வர்ற சப்ளை வயரைக் கழட்டுங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, கிளாம்ப்ல இல்லை, ஈயக் கம்பத்துலயே. இன்னொரு முனை இன்ஜினோட பெயிண்ட் இல்லாத உலோகத்துல. இப்போ ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிள்ல துரு, இல்லை போல்ட் லூஸ். பாசிட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய வண்டிகள்ல இந்தக் கேபிள் முனைகளைச் சுரண்டி இறுக்கினாலே நிறைய தடவை பிரச்சினை தீர்ந்துடும்.

ஆயில் 20W-50 ஊத்தியிருந்தா, கையேடு அனுமதிச்சா குளிர்காலத்துக்கு, குளிர்ல அவ்வளவா கெட்டியாகாத 10W-40க்கு மாறுங்க.

[திரையில்: ஏர் ஃபில்டர் கழட்டின கார்புரேட்டர்]

இனி ரெண்டாவது வகை. குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள்ள கலவை போற குழாய்) சுவர்ல திரவமாவே ஒட்டிக்கும். அதனாலதான் சோக் காற்றைக் குறைச்சு பெட்ரோல் பங்கைக் கூட்டுது. சோக்கை முழுசா இழுத்துட்டு, உள்ளே தகடு முழுக்க மூடுதான்னு கண்ணால பாருங்க. கேபிள் தொய்ஞ்சிருந்தா இடைவெளி விழும்.

ஆட்டோமேட்டிக் சோக்னா, சாவி திருப்புறதுக்கு முன்னாடி ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முழுசா மிதிச்சு விடுங்க. அப்போதான் தகடு மூடி, ஐடிலிங் வேகம் கூடின நிலையில நிக்கும். கிளட்சையும் மிதிச்சுக்கோங்க, கியர்பாக்ஸ் ஆயிலோட பளு ஸ்டார்ட்டருக்கு வராது. லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் ஆஃப். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல அடிக்காதீங்க. நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க, இல்லைன்னா ஸ்டார்ட்டர் சூடாகிக் கருகும்.

சில வண்டிகள் அடிக்கும்போது எடுக்காது, சாவியை விடுற நொடியில மட்டும் பத்திக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (ஓடும்போது காயிலுக்குப் போற கரண்ட்டைக் குறைக்கிற பாகம்) இருக்கிற வண்டியில இது ரொம்பத் தெளிவான அறிகுறி. செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டரைத் தாண்டி காயிலுக்கு நேரா கரண்ட் தர்ற வயர் அறுந்திருக்கலாம். அதைச் சரி பண்ணாம வேற எதை மாத்தினாலும் வீண்.

பெட்ரோல் வாசனை பலமா அடிச்சா ஓவர்ஃப்ளோ, அதாவது இன்ஜினுக்குள்ள பெட்ரோல் அதிகமாயிடுச்சு. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரையோட மிதிச்சுப் பிடிச்சு, பம்ப் பண்ணாம அடிங்க.

[திரையில்: ஸ்பார்க் பிளக், அருகில்]

அப்பவும் எடுக்கலைன்னா பிளக்கைக் கழட்டுங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை: பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) பாருங்க. ஈரமா இருந்தா துடைச்சு, கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, கையேட்டுல சொன்ன இடைவெளியை ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) வெச்சு மாட்டுங்க. திரும்பவும் ஈரமானா, ஸ்பார்க் பலவீனம்: டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற பாகம்) உள்ள இருக்கிற பாயிண்ட் (காயில் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்), அதோட கண்டென்சர், ஈரம் கோத்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இந்த வரிசையில தேடுங்க.