இரும்பு ஜெயிச்சது பலத்தாலயா?

அடுத்த கேள்வி. "வெண்கலத்தைவிட இரும்பு பலமானது, அதனாலதான் இரும்பு வாள் வெச்சிருந்தவங்க ஜெயிச்சாங்கன்னு படிச்சிருக்கேன், சரியா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க.

நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். ஆனா ஆரம்பகால இரும்பு, நல்ல வெண்கலத்தைவிட மட்டம்தான்.

வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. செம்பு 1085 டிகிரியில உருகிடும், வெள்ளீயம் சேர்ந்தா இன்னும் சீக்கிரமே. அச்சுல ஊத்தி வாள் எடுத்துடலாம். இரும்பு உருக 1538 டிகிரி வேணும். அன்னைக்கு மேற்காசிய உலைகள்ல அந்தச் சூடு வராது. வந்தது என்னன்னா, கசடும் இரும்பும் கலந்து, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி. அதைக் காய்ச்சி சம்மட்டியால அடிக்க அடிக்க, கசடு பொறியாத் தெறிச்சு வெளியே வரும். திரும்பக் காய்ச்சணும், திரும்ப அடிக்கணும். இவ்வளவு பாடுபட்டும் அந்த வாள் வளைஞ்சுபோகும். அடுப்புக் கரி கொஞ்சம் இரும்புக்குள்ள ஏறி, சூட்டோட தண்ணியில முக்கினாத்தான் எஃகோட குணம் வரும். இந்தப் பக்குவம் கைவர பல தலைமுறை ஆச்சு.

அப்புறம் ஏன் மாறினாங்க? வெள்ளீயத்தைப் பாருங்க. 1982ல துருக்கிக் கடலோரம் உளுபுருன்ல ஒரு கப்பல் கிடைச்சது. மூழ்கி ஏறக்குறைய 3300 வருஷம். உள்ளே 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். அந்த வெள்ளீயத்துல ஒரு பகுதி மத்திய ஆசிய மலைகள்லேர்ந்து வந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க! அவ்வளவு தூரத்துச் சரக்கை வரவழைக்க அரண்மனையாலதான் முடியும். அதனால ஆயுதமும் அரண்மனைப் பூட்டுக்குள்ளதான்.

கி.மு. 1200 வாக்குல, இன்னைக்குத் துருக்கி இருக்கிற இடத்தை ஆண்ட ஹிட்டைட் பேரரசு விழுந்தது, கிரேக்கத்துல மைசீனிய அரண்மனைகள் எரிஞ்சது, கடல் வணிகமும் குலைஞ்சது. வெள்ளீயத் தட்டுப்பாடுதான் இரும்புக்குத் தள்ளுச்சுன்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி, அந்த வாதம் இன்னும் ஓடுது. எனக்கு முக்கியமாப் படுறது வேற. இரும்புத் தாது ஊருக்கு ஊர் கிடைக்கும். ஒரு கொல்லனும் காட்டுக் கரியும் இருந்தாப் போதும், அரிவாளும் கோடரியும் அடிக்கிற அதே பட்டறையில ஈட்டிமுனையும் அடிச்சிடலாம். தேர் ஏறுற சிலர் கையில இருந்த சண்டை, காலாட்படைக்காரன் கைக்கும் வந்தது அப்படித்தான்.

ஆனா ராஜாக்கள் சும்மா இருக்கலை. கி.மு. 8ம் நூற்றாண்டுல அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் ஈராக்கோட கோர்சாபாத்ல அரண்மனை கட்டினான். அங்க ஒரு கிடங்குல மட்டும் சுமார் 160 டன் இரும்பு இருந்ததாத் தோண்டினவங்க கணக்குப் போட்டாங்க. நிறைய கட்டிகள் ரெண்டு பக்கமும் கூம்பி இருக்கு, ஒரு ஓரத்துல ஓட்டை. கயித்துல கோத்துத் தூக்கிட்டு வந்திருப்பாங்க.